பச்சைப் புள்ளியின் 38 நிமிடப் பொய்: எக்ஸ்எம்பிபி சர்வர் அமைத்த பதிவு

பதினைந்து பேர் சாட் செய்ய, எக்ஸ்எம்பிபி என்ற செய்தி நெறிமுறையில் ஓடும் சர்வர் ஒன்றை அமைத்தேன். ஒருவருடைய போனின் இணைப்பு அறுந்த பிறகும் 38 நிமிடம் வரை அந்த ஆள் ஆன்லைனில் இருப்பதாக மற்றவர்களுக்குப் பச்சைப் புள்ளி காட்டிக்கொண்டே இருந்தது. இப்போது அது அதிகபட்சம் 15 நிமிடம். செய்திகள் தொலைவது அடியோடு நின்றுவிட்டது. புள்ளியின் பொய்யை மட்டும் முழுசாக ஒழிக்க முடியவில்லை. ஒழிக்கவே முடியாது என்பது வேலை பாதியில் இருக்கும்போதே புரிந்துவிட்டது. எத்தனை நிமிடம் பொய் சொல்லலாம் என்பதை நாம் தீர்மானிக்கலாம், அவ்வளவுதான். அந்த நிமிடக் கணக்குக்குப் போகுமுன் டிஎன்எஸ் (டொமைன் பெயரை இயந்திர முகவரியாக மாற்றும் அமைப்பு), சான்றிதழ், ஃபயர்வால் என்று வழியில் இடறிய இடங்களையும் எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றும் கடைசியில் அதே புள்ளியில்தான் வந்து தெரிந்தது.

எடுத்துக்கொண்டவை

ஒரு கோர், 1 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் உள்ள வாடகை விர்ச்சுவல் சர்வர். டெபியன் 12, அதோடு வரும் பிராசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வர் நிரல், பதிப்பு 0.12. கணக்குகள் 15. இந்த அளவுக்கு பிராசடி 50 எம்பி ரேமைத் தாண்டவில்லை. பாதி ரேம் இருந்திருந்தாலும் ஓடியிருக்கும். ஈஜாபர்டியும் நல்ல சர்வர்தான், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வருவதாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். பதினைந்து பேருக்கு, கான்ஃபிக் கோப்பை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய பிராசடி போதும்.

சோதிக்க எடுத்த கிளையன்ட் ஆப்கள்: ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல், லேப்டாப்பில் காஜிம், பிரவுசரில் கன்வர்ஸ். இவற்றில் காஜிம் கட்டாயம் வேண்டும். அதிலுள்ள எக்ஸ்எம்எல் கன்சோலைத் திறந்து வைத்தால் வருவது போவது எல்லாம் அப்படியே கண்ணில் படும். ஆப் என்ன காட்டுகிறது என்பதை நம்பாமல் வயரில் என்ன வந்தது என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. இவை போக டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும் டிக், சான்றிதழைச் சோதிக்கும் ஓபன்எஸ்எஸ்எல், வயரில் போவதைக் காட்டும் டிசிபிடம்ப், போக்குவரத்தை மறிக்கும் ஐபிடேபிள்ஸ்.

முகவரிகள் உதாரணம்.ஆர்க் என்ற டொமைனில் இருப்பதாகவும், சர்வர் ஓடும் இயந்திரத்தின் பெயர் சாட்.உதாரணம்.ஆர்க் என்றும் வைத்துக்கொள்வோம். முதன்மை டொமைனின் வெப்சைட் வேறு ஒரு இயந்திரத்தில் இருக்கிறது. பலருக்கும் அமைப்பு இப்படித்தான் இருக்கும். தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

டிஎன்எஸ்

இரண்டு எஸ்ஆர்வி பதிவுகள் (ஒரு சேவை எந்த இயந்திரத்தில், எந்தப் போர்ட்டில் என்று சொல்பவை) போதும். கிளையன்ட் வர 5222, மற்ற சர்வர்கள் வர 5269. இரண்டுமே சாட்.உதாரணம்.ஆர்க்கைக் காட்ட வேண்டும். தொடக்கத்திலேயே டிஎல்எஸ் (மறையாக்கம்) பேசும் 5223-க்கும் மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன். 5222-ஐ அடைத்து வைக்கும் பொது வைஃபைகளில் சில சமயம் இது தப்பிக்கும்.

இதில் இரண்டு முறை சறுக்கியது. முதலில், சாட் என்ற பெயரை சிநேமாக வைத்து வேறொரு பெயருக்குத் திருப்பியிருந்தது. எஸ்ஆர்வி காட்டும் பெயர் சிநேமாக இருக்கக் கூடாது, நேரடியாக ஐபி முகவரி தரும் ஏ அல்லது நான்கு-ஏ பதிவாகத்தான் இருக்க வேண்டும். சில கிளையன்ட்கள் இதைக் கண்டுகொள்ளாமல் வேலை செய்யும், சில செய்யாது. அதனால் "எனக்கு வருகிறதே" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் உள்ளே வர முடியாமல் நிற்பார். அடுத்து, டிஎன்எஸ் பேனலில் பெயரின் கடைசியில் புள்ளி வைக்காமல் விட்டதால் அது சாட்.உதாரணம்.ஆர்க்.உதாரணம்.ஆர்க் என்று ஆகிவிட்டது. பேனல் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். டிக் அடித்துப் பார்த்தால்தான் வால் நீண்டிருப்பது தெரியும். டிடிஎல்லை (பழைய பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அளவை) 300 நொடியாக வைத்துக்கொண்டு தொடங்கியதால் ஐந்து நிமிடக் காத்திருப்போடு போனது. முன்னிருப்பாக ஒரு நாள் என்று இருந்திருந்தால் அன்றைய வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

சான்றிதழ்

இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டில் சாட்.உதாரணம்.ஆர்க்குக்குச் சான்றிதழ் எடுத்துப் போட்டாயிற்று. எந்தக் கிளையன்டும் ஏற்கவில்லை. காரணம் எளிது, ஆனால் வெப் சர்வர் பழக்கத்தில் வருபவர்கள் எல்லோரும் விழும் குழி இது: எக்ஸ்எம்பிபியில் சான்றிதழ் முகவரியில் உள்ள டொமைனுக்கு இருக்க வேண்டும். ஆள் உதாரணம்.ஆர்க்கைத் தேடி வருகிறார். எஸ்ஆர்வி அவரை எந்த இயந்திரத்துக்கு அனுப்பினாலும், அங்கே இருப்பவர் "நான்தான் உதாரணம்.ஆர்க்" என்று நிரூபிக்க வேண்டும். எஸ்ஆர்வி பதில் பாதுகாப்பில்லாத டிஎன்எஸ் வழியாக வருவதால் அதில் வரும் பெயரை நம்ப முடியாது. அதனால் இந்த விதி நியாயமானதுதான்.

சரி, உதாரணம்.ஆர்க்குக்கே எடுக்கலாம் என்றால் 80-ஆம் போர்ட் வழிச் சோதனை வெப்சைட் இருக்கும் இயந்திரத்துக்குப் போய் முட்டுகிறது. அங்கிருந்து கோப்பைத் திருப்பிவிடும் வித்தை எல்லாம் செய்து பார்த்து, கடைசியில் டிஎன்எஸ் வழிச் சோதனைக்கு மாறினேன். டிஎக்ஸ்டி பதிவு ஒன்றை நிரலே போட்டு நிரலே எடுக்கிறது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். குழு உரையாடல் அறைகளுக்கான துணை டொமைனையும் கோப்பு ஏற்றும் துணை டொமைனையும் அதே சான்றிதழில் சேர்த்துவிட வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், படம் அனுப்பும்போது மட்டும் வரும் பிழையைத் தேடி அலைய நேரிடும்.

அடுத்தது அனுமதி. சாவிக் கோப்பு ரூட்டுக்கு மட்டும் திறக்கும், பிராசடி தன் சொந்தப் பயனராக ஓடுகிறது. கோப்பின் அனுமதியைத் தளர்த்தத் தேவையில்லை. பிராசடியின் நிர்வாகக் கருவியான பிராசடிசிடிஎல்லின் செர்ட் இம்போர்ட் கட்டளை கோப்புகளைத் தன் அடைவுக்கு நகலெடுத்து உரிமையையும் சரிசெய்துவிடும். இதையே புதுப்பித்தலுக்குப் பின் ஓடும் டிப்ளாய் ஹூக்காகவும் போட வேண்டும். சான்றிதழின் ஆயுள் 90 நாள், சான்றிதழ் எடுக்கும் நிரலான செர்ட்பாட் 60-ஆம் நாளையொட்டிப் புதுப்பிக்கிறது. ஹூக் இல்லாவிட்டால் பிராசடி பழையதையே கையில் வைத்துக்கொண்டிருக்கும், 90-ஆம் நாளுக்குப் பின் மறுபடி இணைய முயலும் ஒவ்வொருவருடைய புள்ளியும் அணையும். செர்ட்பாட்டின் ட்ரை ரன் (ஒத்திகை ஓட்டம்) இயல்பாக டிப்ளாய் ஹூக்கை ஓட்டாது என்பதையும் கவனிக்க வேண்டும். ட்ரை ரன் வெற்றி என்று பார்த்து நிம்மதியாகப் போய்விடாமல், ஹூக்கைத் தனியாகக் கையால் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சரிபார்க்க ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்டில் ஸ்டார்ட்டிஎல்எஸ் எக்ஸ்எம்பிபி என்று கொடுத்து, டொமைன் பெயரையும் தனியாகக் கொடுக்க வேண்டும். டொமைனைக் கொடுக்காவிட்டால் அது இயந்திரத்தின் பெயரையே சொல்லிக் கேட்கும், நம் சர்வரோ "அப்படி ஒரு ஹோஸ்ட் இங்கே இல்லை" என்று கதவைச் சாத்தும்.

பதில் வராத நட்பு வேண்டுகோள்

உள்ளுக்குள் 15 பேரும் பேசிக்கொள்ள முடிந்தது. வெளி சர்வர்களில் இருப்பவர்களைச் சேர்த்தால் சிலருக்கு உடனே புள்ளி பச்சையானது, சிலருக்கு "அனுமதிக்குக் காத்திருக்கிறது" என்றே நின்றது. எதிர்முனையில் இருப்பவர் அனுமதி கொடுத்தாகிவிட்டது என்கிறார். ரோஸ்டரில் (தொடர்புப் பட்டியலில்) பார்த்தால் நம் பக்கம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் நிலைதான்.

எதிர்முனை சர்வர்தான் பழுது என்று முடிவுகட்டி ஒரு மாலை வீணானது. உண்மையில் இங்கே ஃபயர்வாலில் 5269 மூடியிருந்தது. எக்ஸ்எம்பிபியில் சர்வருக்கும் சர்வருக்கும் இடையே போக ஒரு டிசிபி இணைப்பு, வர இன்னொரு இணைப்பு. நாம் அனுப்பும் சப்ஸ்கிரைப் (நட்பு வேண்டுகோள்) நாம் திறந்த இணைப்பில் போய்விடும். எதிர்முனை தரும் சப்ஸ்கிரைப்டு (அனுமதி) வர, அந்த சர்வர் நம் 5269-ஐத் தட்ட வேண்டும். கதவு மூடியிருந்தால் பதில் அங்கேயே நின்றுவிடும். ஒரே இணைப்பை இரு திசைக்கும் பயன்படுத்தும் நீட்டிப்பு ஒன்று இருக்கிறது, எக்ஸ்எம்பிபி நீட்டிப்புப் பட்டியலில் எண் 0288. அதை இரு பக்க சர்வரும் ஆதரித்தால் மூடிய கதவு தெரியவே தெரியாது. சிலருக்கு வேலை செய்து சிலருக்குச் செய்யாமல் போன மர்மம் இதுதான்.

பிராசடிசிடிஎல் செக் கனெக்டிவிட்டி என்று ஒரு கட்டளை இருக்கிறது. வெளியிலிருந்து போர்ட்டைத் தட்டிப் பார்த்துச் சொல்லும். அதை முதல் நாளே ஓட்டியிருக்க வேண்டும்.

60 நொடிக்கு ஒரு முறை கண்சிமிட்டும் புள்ளி

பிரவுசர் கிளையன்டுக்காக என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வழியாக வெப்சாக்கெட்டை (பிரவுசர் திறந்தே வைத்திருக்கும் இணைப்பை) 5280-க்குத் திருப்பிவிட்டேன். இணைந்தது. சரியாக ஒரு நிமிடத்தில் அறுந்தது. மீண்டும் இணைந்தது, மீண்டும் அறுந்தது. காஜிமின் கன்சோலில் பிரவுசரில் வந்த ஆளுடைய பிரசன்ஸ் (ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற அறிவிப்பு) போவதும் வருவதுமாக அறுபது நொடிக்கு ஒரு ஜோடி விழுந்துகொண்டே இருந்தது.

இப்படி முழு எண்ணில் அறுந்தால் எங்கோ ஒரு டைம்அவுட் இருக்கிறது என்று அர்த்தம். என்ஜின்எக்ஸின் ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் இயல்பாகவே 60 நொடி. சாட்டில் யாரும் ஒரு நிமிடம் எதுவும் தட்டாமல் இருப்பது சகஜம். அதை 900 நொடியாக்கி, ப்ராக்ஸி பஃபரிங்கையும் அணைத்த பிறகு சரியானது. அதே என்ஜின்எக்ஸின் இன்னொரு இயல்பு அளவு, கோரிக்கையின் உடல் 1 எம்பியைத் தாண்டக் கூடாது என்பது. போனில் எடுத்த படம் எதுவும் ஏறாது, 413 என்று திரும்பும். அதை 20 எம்பியாக்கிவிட்டு பிராசடியின் கோப்புப் பகிர்வு மாட்யூலிலும் அதே அளவை 20,971,520 பைட்டாகக் கொடுத்தேன். இரண்டில் எது சிறியதோ அதுதான் செல்லும்.

டிஸ்க் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 எம்பி என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் ஆயுள் ஒரு வாரம் என்பது பிராசடியின் இயல்பு. 15 பேர், 7 நாள், மோசமான நிலையில் 10.5 ஜிபி. உரையாடல் சேமிப்பை நான்கு வாரமாக நீட்டிவிட்டுக் கோப்பை ஒரு வாரத்திலேயே விட்டிருந்தேன். பத்து நாள் கழித்துப் புதுப் போனில் லாகின் செய்தவருக்குச் செய்திகள் எல்லாம் வந்தன, படங்கள் இருந்த இடத்தில் 404 வந்தது. கோப்பையும் நான்கு வாரமாக்கினால் கணக்கு 42 ஜிபிக்குப் போகிறது, டிஸ்க்கோ 20 ஜிபி. மொத்த ஒதுக்கீடு 8 ஜிபி என்று ஒரு உச்சவரம்பு போட்டு முடித்தேன். நடைமுறையில் அதில் கால்வாசிகூட நிறையவில்லை.

பேய்ப் புள்ளியை அளப்பது

இனிதான் முக்கியமான வேலை. எக்ஸ்எம்பிபி என்ற பெயரின் மூன்றாவது எழுத்து பிரசன்ஸைத்தான் குறிக்கிறது. 1999-இல் ஜாபர் என்று தொடங்கி, 2004-இல் ஆர்எஃப்சி 3921 ஆகப் பதிவாகி, 2011-இல் 6121 ஆகத் திருத்தப்பட்ட இந்த நெறிமுறையில், ஆள் இருக்கிறார் என்றால் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். வயரில் மாட்டிய மேசைக் கணினிக்கு அது பொருந்தும். பையில் கிடக்கும் போனுக்குப் பொருந்துவதில்லை.

போன் லிஃப்டுக்குள் போகிறது, சிக்னல் போகிறது. "போய் வருகிறேன்" என்று சொல்லாமலே இணைப்பு செத்துவிட்டது. சர்வருக்கு இது தெரியாது. லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) இதைக் கண்டுபிடிக்கும் என்று நம்பினால், அதன் இயல்பு அளவுகள் 7200 நொடி அமைதி, பிறகு 75 நொடி இடைவெளியில் 9 சோதனை. கூட்டினால் 2 மணி 11 நிமிடம் 15 நொடி. சர்வர் எதையாவது அனுப்ப முயன்றால் இன்னும் சீக்கிரம் தெரியும்: மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து 15 முறை தோற்றதும், ஏறத்தாழ 15 நிமிடத்தில் கர்னல் கைவிடும். அந்த 15 நிமிடத்தில் அனுப்பிய செய்திகள் சாக்கெட்டுக்குள் போனதோடு சரி. பழைய காலத்தில் "அனுப்பினேனே, வரவில்லையா?" என்ற சண்டைகள் இதனால்தான்.

செய்திக்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. ஸ்ட்ரீம் மேனேஜ்மென்ட், எண் 0198, பிராசடியில் ஸ்மாக்ஸ் என்ற மாட்யூல். சர்வர் ஆர் என்று கேட்கும், கிளையன்ட் இதுவரை வாங்கிய எண்ணிக்கையை ஏ என்று திருப்பிச் சொல்லும். ஏ வராத செய்திகளை சர்வர் கையிலேயே வைத்துக்கொள்ளும். இதோடு கார்பன்ஸும் (மற்றச் சாதனங்களுக்கும் நகல் அனுப்புவது) மாமும் (சர்வரில் உரையாடல் சேமிப்பு) சேர்த்துப் போட்டால் எந்தச் சாதனத்திலும் செய்தி விடுபடாது. ஆனால் ஸ்மாக்ஸ் போட்டதும் புள்ளியின் பொய் நீண்டுவிட்டது. இணைப்பு அறுந்தது தெரிந்த பிறகும், ஆள் திரும்பி வருவார் என்று செஷனை 600 நொடி உறக்கத்தில் வைத்திருக்கிறது. அதுவரை மற்றவர்களுக்குப் பச்சைதான்.

மொத்தம் எவ்வளவு என்று அளக்க முதலில் லேப்டாப்பில் கிளையன்ட் நிரலைக் கில் செய்து பார்த்தேன். 10 நிமிடம் என்று வந்தது. இந்த அளவு தப்பு. நிரல் செத்தாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் இணைப்பை முறையாக மூடி ஃபின் அனுப்பிவிடுகிறது. லிஃப்டுக்குள் போகும் போன் ஃபின் அனுப்புவதில்லை. அடுத்து ஐபிடேபிள்ஸில் ரிஜெக்ட். அதுவும் உதவாது, ரிஜெக்ட் மறுப்பைத் திருப்பி அனுப்பி மறுமுனையை எச்சரிக்கிறது. டிராப் ஒன்றுதான் வாயே திறக்காது. டிராப் போட்டும் செய்திகள் ஒரு தடையும் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தன. டிசிபிடம்பைப் பார்த்தால் லேப்டாப் ஐபிவி6-இல் இணைந்திருக்கிறது. ஐபி6டேபிள்ஸிலும் அதே விதியை, போகும் திசை வரும் திசை இரண்டுக்கும் போட்ட பிறகுதான் உண்மையான மௌனம் கிடைத்தது.

ஒரு ஓட்டம் இப்படி இருந்தது. 14:02:10-க்கு கிளையன்டிடமிருந்து கடைசி பைட். சில நொடியில் டிராப். அதன்பின் எதுவும் இல்லை. 14:16:10-க்கு பிராசடி விழித்துக்கொண்டு ஒரு ஆர் அனுப்புகிறது. அதன் ரீட் டைம்அவுட் இயல்பாக 14 நிமிடம், அதாவது 840 நொடி. பதில் இல்லை. இன்னொரு 840 நொடி காத்து, 14:30:10-க்கு இணைப்பை மூடிச் செஷனை உறக்கத்தில் போடுகிறது. 600 நொடி கழித்து, 14:40:10-க்கு எதிர்முனை காஜிமின் கன்சோலில் அன்அவெய்லபிள் (ஆள் போய்விட்டார் என்ற அறிவிப்பு) வந்து விழுகிறது. மொத்தம் 38 நிமிடம். இடையில் யாராவது அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினால் ஆர் அப்போதே போய்விடும், முதல் 840 முடிந்ததுமே மூடிவிடும். அப்போது 24 நிமிடம்.

குறைக்கப் போய்க் கெடுத்தது

மூன்று இடைவெளியையும் 60 நொடியாக்கினால் மூன்றே நிமிடத்தில் உண்மை தெரியும் என்று தோன்றியது. நெட்வொர்க் செட்டிங்ஸில் ரீட் டைம்அவுட் 60, ஸ்மாக்ஸ் ஹைபர்னேஷன் டைம் 60. லேப்டாப்பில் அருமையாக வேலை செய்தது. போன்களில் நாசமானது. ஆண்ட்ராய்டு திரையை அணைத்துக் கிடந்தால் டோஸ் என்ற தூக்கத்துக்குப் போகிறது. பேட்டரி விலக்கு கொடுக்காத ஆப்பின் நெட்வொர்க்கை இடையிடையேதான் திறந்து விடுகிறது. 60 நொடிக்குள் ஏ வராது. சர்வர் இணைப்பை வெட்டுகிறது, உறக்கத்திலிருக்கும் செஷனையும் கொன்றுவிடுகிறது. போன் விழித்து முழு லாகின் செய்கிறது. முழு லாகின் என்றால் ரோஸ்டரிலுள்ள அத்தனை பேருக்கும் பிரசன்ஸ் போகும், அத்தனை பேரிடமிருந்தும் வரும். 80 தொடர்புகள், ஆளுக்கு இரண்டு சாதனம், ஒரு பிரசன்ஸ் 400 பைட் என்று வைத்தாலும் ஒவ்வொரு விழிப்புக்கும் 64,000 பைட். உள்ளே வந்த ஒவ்வொரு பிரசன்ஸும் மறுமுனைப் போன்களையும் எழுப்புகிறது. புள்ளிகள் கார்த்திகை விளக்கு மாதிரி அணைந்து எரிந்துகொண்டிருந்தன, பேட்டரியும் போனது.

நிறுத்திய இடம் இதுதான்: ரீட் டைம்அவுட் 300, உறக்கம் 300. மோசமான நிலையில் 300 மூன்று முறை, 15 நிமிடம். செய்தி ஏதாவது போனால் 10 நிமிடம். டிராப் சோதனையில் இரண்டும் அப்படியே வந்தன. ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வரும் போன் விட்ட இடத்திலிருந்து தொடரும், யாருக்கும் எதுவும் தெரியாது. அதைவிட நீளமாக மறைந்தால் முழு லாகின். தினமும் நீண்ட ரயில் பயணம் செய்பவர்கள் அதிகம் என்றால் உறக்கத்தை 600-லேயே விட்டுவிட்டு ரீட் டைம்அவுட்டை மட்டும் குறைக்கலாம், 20 நிமிடப் பொய்யோடு.

இதோடு சேர்த்து இரண்டு காரியம் செய்ய வேண்டும். போனில் கான்வர்சேஷன்ஸ் கேட்கும் பேட்டரி விலக்கைக் கொடுத்துவிட வேண்டும். பலரும் பயந்து மறுத்துவிடுகிறார்கள். சர்வரில் சிஎஸ்ஐ சிம்பிள் மாட்யூலைப் போட வேண்டும். திரை அணைந்திருக்கிறது என்று கிளையன்ட் சொன்னதும், வரும் பிரசன்ஸையும் தட்டச்சுக் குறிப்புகளையும் சர்வர் வரிசையில் நிறுத்திவைக்கும், உண்மையான செய்தி வந்தால்தான் சேர்த்துத் தள்ளும். பேட்டரி விஷயத்தில் டைம்அவுட் எண்களை மாற்றிப் பார்த்ததைவிட இந்த ஒற்றை வரி அதிகம் உதவியது. ஐபோனுக்கு இது போதாது. அங்கே ஆப் பின்னணியில் இணைப்பையே வைத்திருக்க முடியாது, எண் 0357 புஷ் வேண்டும். 0.12-இல் அதற்கான கிளவுட் நோட்டிஃபை மாட்யூல் பிராசடி மாட்யூல்ஸ் என்ற தனிப் பேக்கேஜில் இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் தெரியும் புள்ளி

நடுவில் டிஸ்க் மாற்றும்போது பழைய பேக்கப்பிலிருந்து மீட்டதில் ரோஸ்டர்கள் சில நாள் பின்னால் போய்விட்டன. பிரசன்ஸ் அனுமதிக்கு ரோஸ்டரில் நான்கு நிலை: நன் (இருவருக்கும் தெரியாது), டு (அவர் புள்ளி நமக்குத் தெரியும்), ஃபிரம் (நம் புள்ளி அவருக்குத் தெரியும்), போத் (இருவருக்கும் தெரியும்). இது இரு பக்க சர்வரிலும் தனித்தனியாக எழுதி வைக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நம் பக்கம் நன், எதிர்முனையில் ஃபிரம் என்றால் கவலை இல்லை. நாம் மறுபடி சப்ஸ்கிரைப் அனுப்பினால் எதிர்முனை சர்வர் ஆளிடம் கேட்காமலேயே அனுமதி தந்துவிடும். நம் பக்கம் போத், எதிர்முனையில் நன் என்பதுதான் தொல்லை. நம் கிளையன்ட் "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று எண்ணி, அனுமதி கேட்கும் பொத்தானையே காட்டாது, புள்ளி மட்டும் என்றைக்கும் சாம்பல் நிறம்.

தரவு அடைவில் ரோஸ்டர் கோப்புகள் வெறும் லுவா உரை, திறந்து கையாலேயே திருத்தலாம் என்று கை துறுதுறுக்கும். ஆள் ஆன்லைனில் இருக்கும்போது திருத்தினால் நினைவகத்தில் இருக்கும் பழைய ரோஸ்டர் அதன் மேல் எழுதிவிடும். ஒன்று அப்படித்தான் போனது. சுத்தமான வழி தொடர்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. நீக்கும்போது இரு திசைக்கும் ரத்து போய்விடுவதால் இரண்டு பக்கமும் நன் நிலைக்கு வந்துவிடும். நாம் வைத்த செல்லப்பெயரும் குழுவும் போய்விடும், அதனால் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை

டிஎன்எஸ் வழிச் சான்றிதழ் முதல் நாளிலேயே. 5269-ஐ வெளியிலிருந்து தட்டிப் பார்க்காமல் ஒருவரையும் சேர்ப்பதில்லை. ரோஸ்டர்களுக்கு மட்டும் மணிக்கு ஒரு பேக்கப். எல்லாம் சேர்ந்து சில நூறு கிலோபைட்தான், தயங்க ஒன்றுமில்லை. முகவரியை மட்டும் இப்போது வைத்தபடியே வைப்பேன். சாட்.உதாரணம்.ஆர்க் என்றே முகவரி வைத்திருந்தால் சான்றிதழ்ச் சிக்கல் பாதி வந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் முகவரியைப் பின்னால் மாற்ற முடியாது. மாற்றினால் அத்தனை ரோஸ்டரும் முதலிலிருந்து.

தீராமல் நிற்பது ஒன்று இருக்கிறது. எதிர்முனை சர்வரே மின்சாரம் போய் விழுந்தால் அதனால் அன்அவெய்லபிள் அனுப்ப முடியாது. அங்கிருப்பவர்கள் எல்லோரும் நம் ரோஸ்டரில் பச்சையாகவே உறைந்து நிற்பார்கள். அறைகளுக்கு இதற்கு 0410 என்ற நீட்டிப்பு இருக்கிறது. சத்தமில்லாமல் போன அறையில் கிளையன்ட் தன் பெயருக்கே பிங் அனுப்பி "நான் இன்னும் உள்ளே இருக்கிறேனா" என்று பார்த்துக்கொள்ளும். தனி ஆள் புள்ளிக்கு அப்படி எதுவும் இங்கே போடவில்லை. கிளையன்டை ஆஃப்லைன் செய்து மறுபடி ஆன்லைன் வந்தால் சர்வர் ஒவ்வொருவருக்கும் புதிதாக ப்ரோப் (இருக்கிறாரா என்று கேட்கும் வேண்டுகோள்) அனுப்புகிறது. விழுந்த சர்வரிடமிருந்து அதற்குப் பதில் வராது, புள்ளி சாம்பலாகிறது. இப்போதைக்கு அதைக் கையால்தான் செய்துகொண்டிருக்கிறேன்.